இன்னும் ஒரு நூல்

தம்பி: ...இல்ல மாமா, சீட்டு இதுக்கு மேல இறங்காது.

மாமா: இறங்கும். திருகு.

தம்பி: திருகியாச்சு. நாலு காலும் அடியில முட்டிக்கிட்டு நிக்குது. நீங்களே குனிஞ்சு பாருங்க.

மாமா: குனியற வேலைக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது.

தம்பி: நான் தச்சன் மாமா. குனியறதுக்குன்னே பொறந்தவன் மாதிரி பேசாதீங்க.

மாமா: சரி, நிமிர்ந்துக்கிட்டே சொல்லு. இன்னும் எவ்வளவு இறங்கும்?

தம்பி: இறங்காதுன்னுதானே கத்திக்கிட்டிருக்கேன். போன தடவை ஒரு நூல். அதுக்கு முந்தின தடவை ஒரு நூல். அதுக்கும் முந்தி... ஒரு நூல்னா எவ்வளவுன்னாவது தெரியுமா உங்களுக்கு?

மாமா: அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு.

தம்பி: அட. எப்படித் தெரியும்?

மாமா: வரும்போதெல்லாம் இதையே கேட்கிறே. நானும் இதையே சொல்றேன்.

தம்பி: ஒரு மனுஷன் உட்காருற இடத்துல ஒரு நூல் ஏறினா என்ன, இறங்கினா என்ன? எங்க தெரியப் போகுது?

மாமா: உட்காருற இடத்துலதான்.

தம்பி: ...சரி. உட்காருங்க. உட்கார்ந்து காட்டுங்க, எங்க இடிக்குதுன்னு பார்க்கிறேன்.

மாமா: உட்கார்ந்தாச்சு.

தம்பி: ரெண்டு காலையும் வாத்தியத்துக்கு அடியில விடுங்க.

மாமா: விட்டாச்சு.

தம்பி: மாமா...

மாமா: என்ன?

தம்பி: வாத்தியம் எழுந்து நிக்குது.

மாமா: நிக்கட்டும்.

தம்பி: இந்தப் பக்கக் கால் ரெண்டும் அந்தரத்துல தொங்குது மாமா. உங்க முட்டிதான் அதைத் தூக்கிக்கிட்டு நிக்குது.

மாமா: கொஞ்சம் தூக்கும். போகப் போகச் சரியாயிடும்.

தம்பி: எது, உங்க முட்டி கரைஞ்சா? உங்க உயரத்துக்கு இது ஆகாது. சின்னப் பிள்ளைங்க வகுப்புல அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைப்பாங்களே, அந்த மாதிரி இருக்கீங்க.

மாமா: முதுகு வலி மாப்ள. டாக்டர் தாழ உட்காரச் சொல்லியிருக்கார்.

தம்பி: எந்த டாக்டர்?

மாமா: முதுகு டாக்டர்.

தம்பி: முதுகு வலிக்காரனைத் தாழ உட்காரச் சொல்ற டாக்டரை நான் கேள்விப்பட்டதே இல்ல.

மாமா: புது டாக்டர்.

தம்பி: ம்.

மாமா: இடது முட்டிக்கு ஒரு நெம்பு தொங்குது பாரு, அதையும் கொஞ்சம் உள்பக்கமாத் தள்ளி வை.

தம்பி: உள்பக்கமாவா? இப்பவே உங்க தொடை அதுல உரசிக்கிட்டுக் கிடக்கு. அப்புறம் தொடையைக் கழட்டி எங்க வைக்கப் போறீங்க?

மாமா: தள்ளுன்னா தள்ளு மாப்ள.

தம்பி: தள்றேன், தள்றேன். முதல்ல இது என்ன வாத்தியம்னே எனக்கு இன்னும் விளங்கல. கிடாருங்கறீங்க. கிடாருன்னா நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னு வாசிப்பாங்க. இது மேசை மாதிரி நாலு கால்ல படுத்துக் கிடக்கு. மேல கம்பி. இடது கையில ஒரு இரும்பு உருளை. வலது கை விரலுக்கு இரும்பு நகம். கீழ இடது காலுக்கு ஒரு மிதி வரிசை, வலது காலுக்குத் தனியா ஒண்ணு. அதுவும் பத்தலைன்னு முட்டியால தள்றதுக்கு இந்தப் பக்கம் ஒரு நெம்பு, அந்தப் பக்கம் ஒரு நெம்பு...

மாமா: பெடல் ஸ்டீல் கிடார்.

தம்பி: பேரைக் கேட்கல. இது வாத்தியமா, தையல் மிஷினான்னு கேட்கிறேன்.

மாமா: அதை உங்கக்காகிட்டக் கேளு. முன்னறையில நாள் பூரா மிதிக்கிறவ அவதான்.

தம்பி: அக்காவுக்குத் தெரியுமா, நான் வந்து வந்து இதை இறக்கறது?

மாமா: தெரியாது. சீட்டு ஆடுது, அதைச் சரி பண்ண வர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு.

தம்பி: ஏன்?

மாமா: முதுகு வலின்னா பயந்துக்குவா.

தம்பி: சனிக்கிழமை ரெக்கார்டிங்கை வச்சுக்கிட்டு இப்படி முட்டியை மடக்கிக்கிட்டு உட்கார்ந்தா எனக்குத்தான் பயமா இருக்கு. சரி, போகலைன்னா என்ன ஆகும்?

மாமா: கீபோர்டு.

தம்பி: கீபோர்டுல இந்தச் சத்தம் வருமா?

மாமா: வருமாம். ஒரு பொத்தானை அமுக்கினா வருதுன்னு ஸ்டுடியோக்காரர் சொல்றார். நீங்க வரலைன்னா சொல்லிடுங்க, கீபோர்டுல எடுத்துக்கறேங்கறார்.

தம்பி: எடுத்துக்கட்டுமே. அடுத்த பாட்டுக்குப் போனாப் போச்சு.

மாமா: ஒரு தடவை பொத்தானை அமுக்கிப் பழகிட்டா அடுத்த பாட்டுக்கு எதுக்குடா கூப்பிடுவாங்க? இந்த ஊர்ல இதை வாசிக்கிறவன் நான் ஒருத்தன். அந்த ஒருத்தனும் வேண்டாம்னு ஆயிடும். அப்புறம் இது இங்கே மேசையா நிக்க வேண்டியதுதான்.

தம்பி: அக்கா துணி மடிச்சு வச்சுக்கும்.

மாமா: ...

தம்பி: சும்மா சொன்னேன் மாமா.

மாமா: வர்றா. ஆட்டம்னு சொல்லு.

அக்கா: டீ. ரெண்டு பேரும் எடுத்துக்குங்க, ஆறிடும். என்னடா, தரையிலயே படுத்துட்டே?

தம்பி: ஆட்டம் அக்கா.

அக்கா: உனக்கா, சீட்டுக்கா?

தம்பி: சீட்டுக்கு.

அக்கா: எந்தக் கால்?

தம்பி: இடது...

மாமா: வலது.

தம்பி: ...இடதுலேர்ந்து வலதுக்குப் போகுது.

மாமா: நாலும்தான் ஆடுது. நீ போய் உன் வேலையைப் பாரு.

அக்கா: பார்க்கிறேன். நகருங்க, அந்தப் பழைய டம்ளரை எடுத்துக்கறேன். ஆமா, எதுக்கு இப்படிக் குறுகிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?

மாமா: நான் எப்பவும் இப்படித்தான்.

தம்பி: அக்கா, படியேறும்போது கீழ் வீட்டுக்காரர் பிடிச்சுக்கிட்டார். மாமாவை ஒரே புகழ்ச்சி. இத்தனை வருஷமாக் கேட்கிறேன், இப்பத்தான் வாசிப்புல ஒரு இதம் வந்திருக்கு, அதுவும் இந்தச் சாயங்கால வேளையில வாசிக்கிறாரே, வேலை முடிஞ்சு வந்து கேட்டா மனசே லேசாயிடுதுங்கறார்.

மாமா: ...

அக்கா: ...

தம்பி: என்ன, நல்லதுதானே சொன்னார்?

மாமா: நல்ல மனுஷன்.

அக்கா: டீயைக் குடிடா.

தம்பி: ஆனா மாமா, சாயங்காலம் நீங்க வாக்கிங் போவீங்கன்னு...

அக்கா: போன் அடிக்குது பாருங்க.

மாமா: ஸ்டுடியோ. பால்கனியில நின்னு பேசிட்டு வர்றேன். மாப்ள, நான் வர்ற வரைக்கும் எதுலயும் கை வைக்காதே.

தம்பி: டீ டம்ளர்ல வைக்கலாமா?

அக்கா: போயிட்டாரா?

தம்பி: கதவைக்கூடச் சாத்திட்டார்.

அக்கா: இப்பச் சொல்லு. எது ஆடுது?

தம்பி: நாலும்தான்னு அவரே சொன்னாரே.

அக்கா: நாலும் ஆடினா அதுக்குப் பேரு ஊஞ்சல். நீ செஞ்ச சாமான் ஆடாதுடா. நீ செஞ்சு கொடுத்த ஸ்டூல்லதான் நாள் பூரா உட்கார்ந்து தைக்கிறேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு முனகல் கிடையாது.

தம்பி: என்னை நடுவுல மாட்டி விடாதேக்கா. மாமா சொல்ல வேண்டாம்னுட்டார்.

அக்கா: என்ன சொல்ல வேண்டாம்னார்?

தம்பி: இறக்கறதைத்தான்.

அக்கா: எதை இறக்கறதை?

தம்பி: ...பார்த்தியா, என் வாயிலேர்ந்து வாங்கிட்டியே. சீட்டைத்தான். வரும்போதெல்லாம் ஒரு நூல், ஒரு நூல்னு இறக்கச் சொல்றார். இப்பத் திருகு அடியோட வந்து நின்னுடுச்சு. இனிமே காலை அறுத்தாத்தான் உண்டு.

அக்கா: ...இறக்கினியா?

தம்பி: ஆமா.

அக்கா: இவ்வளவு நாளா?

தம்பி: ஆமாங்கறேன்.

அக்கா: அதானா.

தம்பி: எதானா?

அக்கா: ஒண்ணுமில்ல. ...அறுக்காதேடா.

தம்பி: முதுகு வலின்னு சொல்றார்க்கா.

அக்கா: முதுகெல்லாம் இல்ல. கால்டா. இடது கால். மரத்துப் போச்சு.

தம்பி: யார் சொன்னா?

அக்கா: யாரும் சொல்லல. அவரும் சொல்லல. சாயங்காலமானா வாக்கிங்குன்னு கிளம்பறார் பாரு, கால் டாக்டர்கிட்டப் போறார்னு நினைக்கிறேன். ஒருநாள் திரும்பி வந்தார். வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டினார். வலது கால் செருப்பைக் கழட்டினார். இடது காலையும் அதே மாதிரி உதறினார். உதறிட்டு உள்ளே போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

தம்பி: சரி?

அக்கா: இடது கால்ல செருப்பே இல்லடா. வெறும் காலைத்தான் உதறினார். நான் வெளியே போய்ப் பார்த்தா, அது மாடிப்படியில கிடக்கு. கழண்டு விழுந்ததே அவருக்குத் தெரியல. எடுத்துட்டு வந்து ஜோடியா வச்சேன். நான் எடுத்து வச்சதும் அவருக்குத் தெரியாது.

தம்பி: அப்ப இந்த மிதியெல்லாம்...

அக்கா: மிதிக்கிறோமா இல்லையான்னே தெரியாம எப்படி வாசிப்பார்? அழுத்தம் கிடைக்கும்னு சீட்டை இறக்கறார் போல. பாவம், என்னென்னவோ பண்ணிப் பார்க்கிறார்.

தம்பி: கேட்டுட வேண்டியதுதானே.

அக்கா: எப்படிக் கேட்க? உனக்குக் கால் போச்சான்னு புருஷன்கிட்டக் கேட்கச் சொல்றியா? அவரா வாய் திறந்து சொன்னா நான் தாங்கிக்குவேன். நான் கேட்டு அவர் ஆமான்னு சொன்னா... அதை என்னால தாங்க முடியாது. நீ காலை மட்டும் அறுத்துடாதே. திருகை எப்ப வேணும்னாலும் ஏத்திக்கலாம். அறுத்தா ஒட்ட முடியாது. நாளைக்கே கால் சரியாயிடுச்சுன்னா அவர் எங்க உட்காருவார்?

தம்பி: புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன்.

அக்கா: அது இல்லடா. இது அவர் சீட்டு. அறுத்தா, இனிமே நான் இதுல உட்கார மாட்டேன்னு அவரே எழுதிக் கொடுத்த மாதிரி.

தம்பி: கீழே யாரோ கூப்பிடறாங்க பாரு.

அக்கா: பேன்ட் அளவு கொடுக்க வர்றேன்னாங்க. போயிட்டு வந்துடறேன். அறுக்காதே. சொல்லிட்டேன்.

தம்பி: சரிக்கா.

மாமா: அவ எங்க?

தம்பி: கீழே. பேன்ட் அளவு.

மாமா: நல்லதாப் போச்சு. ரம்பத்தை எடு.

தம்பி: மாமா, ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன்.

மாமா: எதுக்கு?

தம்பி: நான் வந்ததிலிருந்து ஒரு கம்பியைக்கூட நீங்க தொடல. இதுக்கு முந்தி வந்தப்பவும் தொடல.

மாமா: சீட்டைச் சரி பண்ணு முதல்ல.

தம்பி: கால் எப்படி இருக்கு மாமா?

மாமா: ரெண்டு இருக்கு.

தம்பி: இடது கால்?

மாமா: உங்கக்கா சொன்னாளா?

தம்பி: இல்லையே.

மாமா: பொய் சொல்லும்போது ரசமட்டத்தைத் தடவாதே. குமிழி ஆடுது.

தம்பி: ...செருப்பு விஷயம் சொல்லிச்சு.

மாமா: ஜோடியா எடுத்து வச்சதையும் சொன்னாளா?

தம்பி: அது உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிச்சே.

மாமா: என் செருப்பு என்னைக்குடா ஜோடியா இருந்திருக்கு?

தம்பி: அப்ப அக்காவுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு அக்காவுக்கு... இருங்க மாமா, எனக்குத் தலை சுத்துது.

மாமா: உனக்கு விளங்க வேண்டாம். அறு.

தம்பி: டாக்டர் என்னதான் சொல்றார்?

மாமா: திரும்ப வராதுன்னுட்டார். நடக்கலாம், வண்டி ஏறலாம், இறங்கலாம். ஆனா மிதி மேல கால் இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். பார்த்துட்டு நிமிர்றதுக்குள்ள பாட்டு அடுத்த அடிக்குப் போயிடுது.

தம்பி: அப்புறம் எதுக்கு மாமா இந்தச் சீட்டு? எதுக்கு ஸ்டுடியோவுக்கு வர்றேன்னு சொன்னீங்க?

மாமா: வர்றேன்னு நான் சொல்லல.

தம்பி: பின்ன?

மாமா: ஆள் வரும்னு சொன்னேன்.

தம்பி: எந்த ஆள்?

மாமா: ஒரு நூல். கோடு போட்டு அறு. அவ வர்றதுக்குள்ள முடி.

தம்பி: அக்கா என்னைக் கொல்லும்.

மாமா: நானும் கூட இருப்பேன். ரெண்டு பேரையும் சேர்த்துக் கொல்லட்டும்.

தம்பி: ...உங்க சீட்டு மாமா. நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது. பிடிங்க, இந்த முனையைப் பிடிங்க. அழுத்திப் பிடிங்க. ...ஒரு நூலுக்கு ரம்பம் போடறது வெங்காயத் தோல் உரிக்கிற மாதிரி இருக்கு. தூசியை ஊதாதீங்க, கண்ல அடிக்குது. ...ஒண்ணு. ...அந்தக் காலைக் கொடுங்க.

மாமா: உன் காலையே அறுக்கற மாதிரி துடிக்கிறியே.

தம்பி: நான் செஞ்ச கால் மாமா. ...ஆச்சு. நாலும் ஆச்சு. நிக்க வச்சு அளந்துடறேன். இருங்க... அட.

மாமா: என்ன?

தம்பி: இந்த அளவு நான் எங்கயோ ஏற்கெனவே போட்டிருக்கேன் மாமா.

மாமா: ஸ்டூல்னா எல்லாம் ஒரே அளவுதான்.

தம்பி: இல்லையே, இப்படி ஒரு நூல் தள்ளி நிக்கிற அளவு யாருக்கும் சும்மா போட மாட்டேன். ஆளை உட்கார வச்சு அளந்தாத்தான் இப்படி வரும். யாருக்குப் போட்டேன்...

மாமா: வர்றா. கூட்டித் தள்ளு அதை.

அக்கா: எதைக் கூட்டித் தள்ளு? மரத் தூசி எப்படிடா வந்தது?

தம்பி: அக்கா, நான் சொன்னேன். மாமாதான்...

அக்கா: அறுத்துட்டியா?

மாமா: நான்தான் அறுக்கச் சொன்னேன். அவனை ஏன் பிடிக்கிறே?

அக்கா: நாலையுமா? ...உங்களுக்கு என்ன ஆச்சு? கால் சரியாயிட்டா எதுலங்க உட்காருவீங்க?

மாமா: எந்தக் கால்?

அக்கா: ...சீட்டுக் கால்.

மாமா: சரி, ஆனது ஆச்சு. நீ ஒரு நிமிஷம் இதுல உட்காரு.

அக்கா: நான் எதுக்கு?

மாமா: கீழேயிருந்து இவன் பார்க்கணுங்கறான். நான் உட்கார்ந்தா வாத்தியமே தூக்குது, அவனால ஒண்ணும் பார்க்க முடியல.

தம்பி: நான் எப்ப...

மாமா: நீ பேசாம படு.

அக்கா: எனக்கு அளவு கொடுத்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க.

மாமா: அளவு கொடுத்துட்டாங்கல்ல, போகட்டும். உட்காரு.

அக்கா: நான் இதைத் தொட்டா உங்களுக்குப் பிடிக்காது.

மாமா: தொட வேண்டாம். உட்காரு.

அக்கா: ...உட்கார்ந்தாச்சு. போதுமா?

மாமா: காலை உள்ளே விடு.

அக்கா: விட்டாச்சு.

மாமா: மாப்ள, என்ன தெரியுது?

தம்பி: முட்டி எதுலயும் இடிக்கல. இடது நெம்புக்கும் தொடைக்கும் நடுவுல சரியா ஒரு விரல் போகுது. பாதம் மிதி மேல... குதிகால் தரையில அழகா ஊனியிருக்கு. மாமா.

மாமா: ம்.

தம்பி: ஞாபகம் வந்துடுச்சு.

மாமா: வந்துடுச்சா? அப்ப முன்னறையிலேர்ந்து அந்த ஸ்டூலைத் தூக்கிட்டு வா.

அக்கா: எந்த ஸ்டூல்? என் மிஷின் ஸ்டூலா? அது எதுக்கு இப்ப?

தம்பி: இந்தா. நீ எழுந்திரு அக்கா, ஒரு நிமிஷம். ...ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, மேல ரசமட்டத்தை வச்சாச்சு. குமிழியைப் பாருங்க. நடுவுல வந்து நின்னுக்கிட்டு நகர மாட்டேங்குது. மிஷின்லயும் கீழ மிதி. முட்டியால தள்ளினாத்தான் துணியை அழுத்தற அந்தக் கட்டை தூக்கும். அட, நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், கடைசியில...

மாமா: நீ வாயை மூடு. ...இப்ப உட்காரு நீ.

அக்கா: எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?

மாமா: எது?

அக்கா: விளையாடாதீங்க. சாயங்காலம் நான் இதை வாசிக்கிறதுதான்.

மாமா: என் ஷூவுக்குள்ள பேப்பர் திணிச்சிருந்ததே, அப்பலேர்ந்து.

அக்கா: ஈரம் உறிஞ்சட்டும்னு வச்சேன்னு சொன்னேனே.

மாமா: மழையே இல்ல.

அக்கா: கால் எட்டல. அந்த ஷூதான் அடி தடிமனா இருந்தது. கழண்டு கழண்டு போச்சு, அதான் பேப்பர்.

மாமா: அப்புறம் சீட்டு. நான் எழுந்தா அது ஒரு பக்கம் கோணிக்கிட்டுக் கிடக்கும். எப்பவும் அப்படித்தான். கொஞ்ச நாளா வந்து பார்த்தா வாத்தியத்துக்கு நேரா, பரீட்சை ஹால் மாதிரி நிக்குது. இந்த வீட்ல அப்படிப் போடறது யாரு?

அக்கா: பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

மாமா: அதான் மாட்டிக்கிட்டே.

அக்கா: நான் வேணும்னு உட்காரல. அந்தச் செருப்பைப் பார்த்தேன்ல, மறுநாள் நீங்க வெளியே போனதும் இந்த அறைக்கு வந்தேன். இனிமே இது என்ன ஆகும்னு நினைச்சேன். துணியை எடுத்துத் துடைச்சேன். துடைக்கும்போது முட்டி பட்டு ஒரு கம்பி வளைஞ்சுது. அந்தச் சத்தம்... அப்படியே உட்கார்ந்துட்டேன். எல்லாப் பாட்டும் நான் கேட்ட பாட்டுதானே. கால் தானா மிதிக்குப் போச்சு.

மாமா: சொல்லியிருக்கலாம்ல.

அக்கா: இதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க.

மாமா: அது பூனைக்குச் சொன்னது.

அக்கா: நம்ம வீட்ல பூனை ஏது?

மாமா: அப்ப ஒண்ணு வந்து போய்க்கிட்டிருந்தது.

தம்பி: ஆமாக்கா, சாம்பல் நிறத்துல...

அக்கா: நீ சும்மா இரு. ...நீங்களாவது கேட்டிருக்கலாம்.

மாமா: கேட்டா என்ன சொல்லியிருப்பே?

அக்கா: இல்லவே இல்லைன்னு சொல்லியிருப்பேன்.

மாமா: மறுநாள்லேர்ந்து இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டே. அதான் நூல் விட்டுப் பார்த்தேன்.

தம்பி: ஒவ்வொரு நூலா.

மாமா: ஒரேயடியா இறக்கினா கண்டுபிடிச்சிடுவா.

அக்கா: எனக்குத் தெரியவே இல்ல. கால் எட்ட ஆரம்பிச்சுதேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பழகிடுச்சு, தேறிட்டேன்னு நினைச்சேன். ஷூவைக்கூட எடுத்து வச்சுட்டேன்.

மாமா: தேறினதும் உண்டு. சீட்டைக் கழிச்சாலும் மிச்சம் இருக்கு.

அக்கா: இன்னைக்கு எதுக்கு அறுக்கணும்? அதான் எட்டுதே.

மாமா: எட்டுது. ஊனல. மிதியை விடும்போது கடைசியில ஒரு இழுவை வருது உனக்கு. குதிகால் தரையில ஊனாதவங்களுக்குத்தான் அப்படி வரும். முதல்ல ரொம்ப இருந்தது. இறக்க இறக்கக் குறைஞ்சுது. இன்னும் ஒரு நூல் மிச்சம் இருந்தது.

தம்பி: அதைக் காதாலயே அளந்தீங்களா?

மாமா: உனக்கு ரசமட்டம். எனக்குக் காது.

அக்கா: ...கால் நிஜமாவே வராதாங்க?

மாமா: வராது.

அக்கா: கொஞ்சம்கூடவா?

மாமா: அறுத்தது ஒட்டுமா?

அக்கா: ...

மாமா: அழாதே. நான் அழுது முடிச்சாச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதுட்டேன்.

அக்கா: எப்ப? எங்க?

மாமா: வாக்கிங் போனப்ப.

தம்பி: மாமா, ஸ்டுடியோவுக்கு ஆள் வரும்னு சொன்னீங்களே...

அக்கா: என்ன ஆள்?

மாமா: சனிக்கிழமை காலையில வண்டி அனுப்பறாங்களாம். இப்ப அதுக்குத்தான் போன்.

அக்கா: யாருக்கு?

மாமா: இந்தச் சீட்டுல உட்காருறவங்களுக்கு.

அக்கா: உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பாவாடை தைக்கிறவளைக் கொண்டுபோய் ரெக்கார்டிங்ல உட்கார வைப்பாங்களா? நான் வாசிச்சு அவர் கேட்டாரா?

மாமா: கேட்டார். போன்ல பதிஞ்சு அனுப்பினேன்.

அக்கா: நான் வாசிச்சதையா?

மாமா: ஒரு இடத்துல கீழ் வீட்டுக்காரர் தும்முவார். அதை மட்டும் விட்டுட்டுக் கேளுங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

அக்கா: ...அவர் என்ன சொன்னார்?

மாமா: இத்தனை வருஷத்துல இப்பத்தாங்க உங்க கையில ஒரு நிதானம் வந்திருக்குன்னார்.

தம்பி: ஐயோ.

அக்கா: நீங்க என்ன சொன்னீங்க?

மாமா: நிதானம் எனக்கு வரல, என் சம்சாரத்துக்கு வந்திருக்குன்னேன். அப்ப கீபோர்டு வேண்டாம், அவங்களை அனுப்புங்கன்னார்.

அக்கா: எனக்குப் பயமா இருக்குங்க.

மாமா: இருக்கட்டும். எனக்கும் முதல் தடவை இருந்தது. நான் வேஷ்டி மாத்திக்கிட்டுப் போனேன், நீ சேலை மாத்திக்கிட்டுப் போ, அவ்வளவுதான்.

அக்கா: நீங்களும் வருவீங்கல்ல?

மாமா: சீட்டை யார் தூக்குவா?

தம்பி: நான் தூக்கறேன் மாமா. நீங்க நகத்தைத் தூக்கிட்டு வாங்க.

மாமா: சரி. இப்ப ஒரு தடவை முழுசா வாசி. அந்த இழுவை போச்சான்னு பார்க்கணும். மாப்ள, நீ மூச்சு விடாம உட்காரு.

அக்கா: வாசிக்கிறேன். ...எங்க கிளம்பிட்டீங்க? செருப்பு எதுக்கு?

மாமா: நீ ஆரம்பி. நான் மாடிப்படியில இருக்கேன்.

அக்கா: வாத்தியத்தை இங்கே வச்சுக்கிட்டு படியில என்ன வேலை?

மாமா: அங்க உட்கார்ந்து கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.